மூச்சு வாங்குதா... இரைக்குதா... இழுக்குதா?

குட்டீஸ்... இதைப் படிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. எழுந்து போய் வீட்டைச் சுற்றி மூன்று ஓட்டம் ஓடிவிட்டு வாருங்கள். மாடி வீடு என்றால் படிக்கட்டில் நாலு முறை ஏறி இறங்கினால் போதும். (ஆஸ்துமா உள்ளவர்கள் ஓட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை ஓடவிட்டு வேடிக்கை பாருங்கள்!)

வந்துவிட்டீர்களா? வாய் திறந்திருக்கிறது. நெஞ்சு மேலும் கீழும் போகிறது. 'ஹா... ஹா...' என்று சத்தம் வருகிறது. சரி, இதற்கு என்ன பெயர்?

பாட்டியிடம் கேட்டால், "ஏண்டா இப்படி இரைக்க இரைக்க ஓடி வர்றே?" என்பார். அம்மா, "பாவம், புள்ளைக்கு மூச்சு வாங்குது. தண்ணி குடுங்க" என்பார். பி.டி. மாஸ்டர், "ரெண்டு ரவுண்டுக்கே இளைக்குதா?" என்று கேட்பார். அண்ணன் இருக்கிறானே, அவன் "தஸ்ஸு புஸ்ஸுனு ரயில் இன்ஜின் மாதிரி வர்றான் பாரு" என்று சிரிப்பான். ஓடியது ஒரே ஓட்டம். நாலு பேர், நாலு சொல்!

'எல்லாம் ஒன்றுதானே' என்கிறீர்களா? பரீட்சையில் 'பொருள் தருக' என்று கேட்டால் ஒன்றுதான். ஆனால், ராத்திரி இரண்டு மணிக்குத் தம்பிக்கு மூச்சு சரியில்லை, டாக்டருக்குப் போன் போடுகிறோம், "என்ன பண்ணுது?" என்று அவர் கேட்கிறார் என்று வையுங்கள். அப்போது நம் வாயில் வருகிற சொல் எது என்பது ரொம்ப முக்கியம். அவர் தம்பியைப் பார்க்கவில்லையே! நம் சொல்லை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வாருங்கள், ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்க்கலாம்.

சொல்லுக்குள் ஒரு சத்தம்

முதலில் பாட்டியின் சொல். இரைப்பு. இங்கே 'இரை' என்றால் பூனைக்கு எலி இரை என்கிறோமே, அந்த இரை இல்லை. (அந்த இரை போய்ச் சேரும் பைதான் இரைப்பை. அது வேறு குடும்பம்.) 'இரைதல்' என்றால் சத்தம் எழுப்புதல். கடல் இரைச்சல், சந்தை இரைச்சல், மழை இரைச்சல், கண்டதைத் தின்றால் வயிற்று இரைச்சல்... எல்லாம் அக்கா தங்கைகள். மூச்சு சத்தம் போட்டால் அது இரைப்பு. அதாவது, அந்தச் சொல்லுக்குள்ளேயே சத்தம் உட்கார்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் வேக வேகமாக மூச்சு விடுகிறவனைப் பார்த்து 'இரைக்கிறது' என்று சொல்லக்கூடாது என்பது என் கட்சி.

வெயிலில் ஓடிவந்த நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறதே, அது இரைக்கிறது. தபால்காரரைப் பார்த்து 'வள் வள்' என்றால் குரைக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுவதும் வியர்க்காது. நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகப் போகும்போதுதான் அதன் உடம்புச் சூடு தணிகிறது. நாய்க்கு இரைப்பு நோய் இல்லை, அதன் மின்விசிறி!

இந்தச் சொல்லில் ஒரு கண்ணி வெடியும் இருக்கிறது. மூச்சு இரைக்கிறது என்பதற்குச் சின்ன 'ர'. கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார் என்பதற்குப் பெரிய 'ற'. மாற்றிப் போட்டால், மூச்சைக் கிணற்றிலிருந்து வாளியில் மொண்டு வெளியே கொட்டியது போல ஆகிவிடும். பெரியவர்கள் எழுதும் கதைகளிலேயே 'மூச்சிறைக்க ஓடினான்' என்று வருகிறது. அடுத்த முறை கண்ணில் பட்டால் பென்சிலால் வட்டம் போடுங்கள். (நூலகப் புத்தகத்தில் வேண்டாம்!)

எந்தக் கடையில் வாங்குவது?

அடுத்து அம்மாவின் சொல். மூச்சு வாங்குகிறது. மூச்சு என்ன அரை கிலோ கத்தரிக்காயா, கடையில் போய் வாங்க? இங்கேதான் வேடிக்கை. 'வாங்கு' என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் இழு, வளை என்றும் பொருள் உண்டு. வில்லின் நாணை இழுத்து வளைப்பதைக்கூட 'வில்லை வாங்கினான்' என்பார்கள். பழைய கதை என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் அந்தப் பொருள் நம் வாயில் இருக்கிறது. சண்டைக்குப் போனவன் பின்வாங்கினான் என்கிறோம். கடல் உள்வாங்கியது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். கடல் யாரிடமும் காசு கொடுத்து எதையும் வாங்கவில்லை. தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டது. அதே போலத்தான் மூச்சு வாங்குவதும். காற்றை இழுக்கிறோம், மறுபடி மறுபடி.

ஒவ்வொரு மூச்சுக்கும் அதற்கென்று ஒரு ஜோடி வினைச்சொல் இருப்பதைக் கவனித்தீர்களா? பெருமூச்சு விடுவோம், கொட்டாவி விடுவோம், குறட்டை விடுவோம். ஆனால் தும்மல் மட்டும் போடுவோம், விக்கல் எடுக்கும். 'விக்கல் போட்டேன்' என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். ஏன் அப்படி என்று எந்த விதியும் கிடையாது. காதில் கேட்டுக் கேட்டு வருவதுதான்.

இளைத்தவர், இளைப்பாறியவர்

பி.டி. மாஸ்டர் சொன்ன 'இளைப்பு' கொஞ்சம் குறும்புக்காரச் சொல். "ஐயையோ, இப்படி இளைச்சுப் போயிட்டியே!" என்று அத்தை சொன்னால் நீங்கள் மெலிந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். படியேறி வந்த தாத்தா "இளைக்குதுப்பா" என்றால் மெலிந்து போனார் என்று அர்த்தமில்லை. களைத்து மூச்சு வாங்குகிறார். உடம்பின் பலம் குறைவது, மூச்சின் பலம் குறைவது, இரண்டுக்கும் ஒரே சொல். அந்த இளைப்பு ஆறினால் இளைப்பாறுதல். சூடான பால் ஆறுவது போல, களைப்பு ஆறுகிறது! இலங்கைத் தமிழர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியரை 'இளைப்பாறிய ஆசிரியர்' என்பார்கள். நாற்பது பேர் கத்தும் வகுப்பை முப்பது வருடம் மேய்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா, சொல்லுங்கள்!

இதில் 'ள' போட வேண்டும். 'ழ' போட்டு 'இழைத்தார்' என்று எழுதினால், தச்சர் இழைப்புளியை எடுத்து மரப்பலகையை வழவழவென்று ஆக்குகிறார் என்று பொருள்.

அண்ணனின் 'தஸ்ஸு புஸ்ஸு'வை விட்டுவிட்டோமே. அது காதில் விழுந்த சத்தத்தை அப்படியே சொல்லாக்கியது. 'மூசு மூசு', 'கொர் கொர்', 'புஸ் புஸ்' எல்லாம் இந்த வகைதான். நம் ஊரில் ஒருவர் வேகமாக ஆங்கிலம் பேசினாலும் 'தஸ்ஸு புஸ்ஸுனு இங்கிலீஷ் பேசுறான்' என்கிறோம். கேட்கிறவர் காதில் அர்த்தம் விழவில்லை, காற்று மட்டும்தான் விழுந்தது போல!

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

இனி வருகிற இரண்டு சொற்கள்தான் ராத்திரி இரண்டு மணிப் போனுக்கு உதவுபவை. நிதானமாகப் படியுங்கள்.

'மூச்சுத் திணறல்' என்கிறோம். கேள்விக்குப் பதில் தெரியாமல் திணறுகிறோம். கூட்டத்தில் சிக்கித் திணறுகிறோம். திணறல் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிகிற கஷ்டம். காற்று போதவில்லை என்று அவருக்குத்தான் தெரியும். அதற்குச் சத்தம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் இரைப்பு பக்கத்தில் இருப்பவர் காதுக்குக் கேட்பது. ஒருவருக்கு இரைப்பு இருந்து திணறல் இல்லாமல் இருக்கலாம். இன்னொருவர் சத்தமே இல்லாமல் திணறிக்கொண்டிருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகச் சொன்னால் டாக்டருக்கு இரண்டு செய்தி கிடைக்கிறது. "தம்பிக்குத் திணறுதாம்; விசில் மாதிரி சத்தமும் கேக்குது" என்று சொல்லும் பையன் கெட்டிக்காரன்.

'இழுப்பு' என்ற சொல்லில்தான் ஆபத்து. நம் வீடுகளில் ஆஸ்துமாக்காரர் மூச்சுக்குப் போராடுவதை "இழுப்பு வந்துடுச்சு" என்பார்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்தவர்கள் இந்தப் பெயரைப் பொருத்தமானது என்று சொல்வார்கள். ஆனால் கை கால் வெட்டி வெட்டி இழுக்கும் வலிப்புக்கும் பல ஊர்களில் 'இழுப்பு' என்றுதான் பெயர். ஒன்று நெஞ்சில் நடப்பது. இன்னொன்று மூளையிலிருந்து வருவது. இரண்டுக்கும் செய்ய வேண்டிய முதலுதவி வேறு வேறு. போனில் வெறுமனே "இழுப்பு" என்றால் கேட்பவர் எதை நினைப்பார்? அதனால் 'மூச்சு இழுக்குது' என்றோ 'கை கால் இழுக்குது' என்றோ முழுதாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதான் செலவு.

ஆஸ்பத்திரியில் காதில் விழுகிற 'வீசிங்' ஆங்கிலச் சொல். காற்று 'வீசுவதால்' வீசிங் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒலி ஒற்றுமைதானே தவிர உறவு கிடையாது. வட ஐரோப்பாவின் பழைய மொழியில் பாம்பு மாதிரி சீறுவதைக் குறித்த சொல்லிலிருந்து அது வந்தது என்கிறார்கள். 'ஆஸ்துமா' கிரேக்கச் சொல். அதன் பழைய பொருள் என்ன தெரியுமா? மூச்சு இரைத்தல்! அதாவது பாட்டியின் சொல்லேதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. இலங்கையில் இதே நோயை 'தொய்வு' என்றும், 'முட்டு' என்றும் சொல்கிறார்கள். நம்முடைய பழைய சொல் 'ஈளை'. இன்று அகராதியில் தூங்குகிறது.

பலூன் சொல்லும் ரகசியம்

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் மூச்சை எண்ணிப் பாருங்கள். பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். உங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். எண்ணும்போது ஒன்றைக் கவனித்தீர்களா? சத்தமே இல்லை! அப்படியானால் இரைப்பில் மட்டும் சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பலூனை ஊதுங்கள். வாயைக் கட்டாமல் விட்டால் 'புஸ்' என்று காற்று போய்விடும். மறுபடி ஊதி, இந்த முறை பலூனின் கழுத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். 'கீஈஈஈ...' என்று அலறுகிறதா? காற்று அதே காற்று. வழிதான் குறுகிவிட்டது. குறுகிய வழியில் காற்று முண்டிக்கொண்டு வரும்போது ரப்பரின் உதடுகள் படபடவென்று அதிர்கின்றன.

நுரையீரலிலும் இதே சங்கதிதான். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அவை மேலும் மேலும் பிரிந்து, மரக்கிளைகள் போலப் பரவிக் கடைசியில் கோடிக்கணக்கான குட்டிக் குட்டிக் காற்றறைகளில் முடிகின்றன. ஆஸ்துமா வரும்போது அந்தக் கிளைக்குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. உள்சுவர் வீங்குகிறது. போதாததற்குச் சளியும் சேர்ந்துகொள்கிறது. வழி குறுகிவிட்டது, பலூன் கழுத்துப் போல! 'கீ...' என்ற விசில் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கிறது.

குறட்டை வேறு. அங்கே அதிர்வது நெஞ்சில் இல்லை. தூக்கத்தில் தளர்ந்துபோன அண்ணமும் உள்நாக்கும்தான். சப்பை மூக்கு 'பக்' நாயைப் பார்த்திருப்பீர்கள். 2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடி நாடு முழுவதும் பிரபலமானதே, அதே ஜாதி. முகம் குட்டையாகிப்போனதால் மூக்கு, தொண்டை வழி எல்லாம் நெருக்கடி. அதனால் அது முழித்திருக்கும்போதே 'கொர்... கொர்...' என்று குறட்டை விடும். அழகு என்று சிரிக்கிறோம். அதற்கு அது மூச்சுக் கஷ்டம்.

'ரால்' என்ற ஒரு சொல் பட்ட பாடு

பல சத்தங்களுக்கு ஒரே பெயர் வைத்தால் என்ன ஆகும்? இதில் மாட்டிக்கொண்டவர் சாதாரண ஆள் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர்!

பிரான்ஸ் நாட்டு டாக்டர் ரெனே லாயெனெக் 1816-ல் பாரிஸ் நகரத்தின் நெக்கர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் நோயாளியின் நெஞ்சில் காதை நேராக ஒட்டி வைத்துத்தான் டாக்டர்கள் கேட்பார்கள். ஒருநாள் இதய நோயுள்ள ஓர் இளம்பெண் வந்தார். அவர் நெஞ்சில் காதை வைக்க லாயெனெக்குக் கூச்சம். ஒரு நீள மரக்கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால் மறுமுனையில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. காகிதங்களை இறுக்கமாகக் குழல் போலச் சுருட்டி, ஒரு முனையை அந்தப் பெண்ணின் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். அடேங்கப்பா! காதை ஒட்டி வைத்ததைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு மரத்தில் குழல் செய்துகொண்டார். அவர் புல்லாங்குழல் வாசிப்பவர். மரக்குழல் அவருக்குப் பழகிய பொருள்தான்.

கருவி கிடைத்துவிட்டது. இப்போது காதில் விழும் சத்தங்களுக்கெல்லாம் பெயர் வைக்க வேண்டுமே! 1819-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், நெஞ்சிலிருந்து வரும் எல்லாக் கோளாறுச் சத்தங்களுக்கும் 'ரால்' என்று பொதுப்பெயர் வைத்தார். (இறால் இல்லை, ரால்!) எந்த ரால் என்று புரிய வேண்டுமே? அதற்கு உவமை சொன்னார், பாருங்கள்... ஒன்று, சூடான சட்டியில் உப்பு பொரிவது போல. நம் வீட்டில் திருஷ்டி சுற்றிக் கல்லுப்பை அடுப்பில் போட்டால் 'படபட' என்று வெடிக்குமே, அது. இன்னொன்று, சின்னப் பறவைகள் கீச்சிடுவது போல. வேறொன்று, புறா 'குர்ர்... குர்ர்...' என்பது போல. டாக்டர் புத்தகத்தில் சமையலறையும் பறவைக்கூடும்!

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. 'ரால்' என்பது பிரெஞ்சு மக்களுக்குத் தெரிந்த சாதாரணச் சொல். சாகப்போகிறவர் தொண்டையில் கேட்கும் கரகர சத்தத்துக்கும் அதுதான் பெயர். மாணவர்களோடு கட்டிலருகே நின்று "இவருக்கு ரால் கேட்கிறது" என்று டாக்டர் சொன்னால், படுத்திருப்பவருக்கு எப்படி இருக்கும்? 'என் கதை முடிந்தது' என்றுதானே நினைப்பார்! அதனால் நோயாளிகள் முன்னால் லாயெனெக் 'ராங்கஸ்' என்ற லத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். அதன் பொருள் வேறு ஒன்றுமில்லை, குறட்டை! பயமுறுத்தாத சொல்லாக ஒன்றைத் தேடி எடுத்தாரே, அந்த நல்ல மனதுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

விளைவுதான் வேறு மாதிரி ஆகிவிட்டது. புத்தகம் ஆங்கிலத்துக்குப் போனது. ஒருவர் ரால் என்று எழுதினார். இன்னொருவர் ராங்கஸ் என்று எழுதினார். மூன்றாமவர் இரண்டும் வேறு வேறு சத்தம் என்று நினைத்துக்கொண்டார். நூறு வருடத்துக்கும் மேலாக இந்தக் கூத்து நடந்தது. ஒரே நெஞ்சைக் கேட்ட இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயர் எழுதினார்கள். 1977-ல் அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி என்ற மருத்துவச் சங்கம், பொரிகிற சத்தத்துக்கு இந்தப் பெயர், விசில் சத்தத்துக்கு இந்தப் பெயர் என்று பிரித்துக் கொடுத்தது. ஆனாலும் பழக்கம் லேசில் போகுமா? பழைய பெயர்களும் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றன.

பாவம் லாயெனெக், 1826-ல் தன் 45-வது வயதில் காசநோயால் இறந்துபோனார். எந்த நோயைத் தன் குழலால் மற்றவர்கள் நெஞ்சில் தேடிக் கேட்டாரோ, அதே நோய்.

உள்ளே போகும்போதா, வெளியே வரும்போதா?

டாக்டர் உங்களிடம் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு இப்போதே தயாராகிவிடுங்கள். "சத்தம் மூச்சை இழுக்கும்போது வருதா, விடும்போது வருதா?" விடும்போது விசிலடித்தால் சங்கதி நெஞ்சுக்குள் இருக்கும் சின்னக் குழாய்களில் என்று அவர் யோசிப்பார். இழுக்கும்போது 'க்ராக்' என்று கரகரத்தால், தொண்டைக்குப் பக்கத்தில் மேல்வழியில் அடைப்பா என்று பார்ப்பார்.

விளையாடிக்கொண்டிருந்த குட்டித் தங்கைக்குத் திடீரென்று இருமலும் இரைப்பும் வந்தால், சற்று முன் வாயில் என்ன போட்டாள் என்று யோசித்து உடனே சொல்லுங்கள். நிலக்கடலை, புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், பேனா மூடி... எதுவாகவும் இருக்கலாம். "நான்தான் கடலை குடுத்தேன், சொன்னா அடி விழுமே" என்று மறைத்தால் டாக்டர் ஆஸ்துமாவைத் தேடிக்கொண்டிருப்பார். அடி ஒரு நிமிடத்தில் போய்விடும். கடலை போகாது.

பேனா மூடி என்றதும் ஞாபகம் வருகிறது. பல பேனா மூடிகளின் உச்சியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? யாராவது தவறி மூடியை விழுங்கி, அது மூச்சு வழியில் சிக்கிக்கொண்டால், ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை கொஞ்சமாவது காற்று போய் வரட்டும் என்றுதான் அந்த ஓட்டை! மூடியைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இப்போது வாயிலிருந்து எடுத்துவிட்டீர்கள், தெரியும்.

சத்தம் நின்றுவிட்டால்?

இரைப்பு என்ற சொல்லுக்குள் சத்தம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அதனால் ஒரு தப்புக் கணக்கு வருவதுண்டு. கடுமையாக இரைத்துக்கொண்டிருந்தவருக்குச் சத்தம் குறைந்துவிட்டால் "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். சில நேரம் அது உண்மை. சில நேரம் நேர்மாறு. வழி ரொம்பவே அடைத்துக்கொண்டால், விசிலடிக்கும் அளவுக்குக்கூட உள்ளே காற்று ஓடாது. பலூன் கழுத்தை முழுதாக இறுக்கிப் பிடித்தால் சத்தம் வருமா? வராதே! டாக்டர்கள் ரொம்பப் பயப்படுவது இந்த அமைதிக்குத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளைப் பேசவிட்டுப் பாருங்கள். "எனக்கு இப்போ பரவாயில்ல, தண்ணி வேணும்" என்று ஒரே மூச்சில் முழு வாக்கியம் சொன்னால் கொஞ்சம் ஆறுதல். "எனக்கு..." ஒரு மூச்சு, "தண்ணி..." இன்னொரு மூச்சு என்று துண்டு துண்டாக வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், சோர்ந்து சரிந்தால், பெரியவர்களைக் கூப்பிட்டு உடனே 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள். மருத்துவமனையிலும் டாக்டர்கள் இந்தப் பேச்சைக் கவனிப்பார்கள்.

இன்னொரு சமாச்சாரம். அண்ணன் உங்களை 'ரயில் இன்ஜின்' என்றது ஓடிவந்த வேடிக்கைக்கு. உங்கள் வகுப்பிலேயே விளையாட்டுப் பீரியடில் ஓரமாய் உட்கார்ந்துவிடும் ஒருவனுக்கு அதே பட்டப்பெயர் நிரந்தரமாக ஒட்டியிருக்கிறதா? அப்படியென்றால், விசில் கேட்கும்போது சிரிப்பார்களே என்று பயந்து அவன் மூச்சை அடக்கி அடக்கிப் பார்ப்பான். கஷ்டத்தை மறைப்பான். பையில் இருக்கும் இன்ஹேலரை எடுக்கவே கூச்சப்படுவான். அதை எடுக்க வேண்டிய நேரம் அதுதான்!

அந்த இன்ஹேலரே உங்கள் வயதுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வியால் பிறந்தது. அதற்கு முன் ஆஸ்துமா மருந்தை உள்ளே இழுக்க, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் கருவி ஒன்றைத்தான் பயன்படுத்தினார்கள். கை தவறினால் உடைந்துவிடும். 1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து கம்பெனியின் தலைவருக்கு 13 வயதில் ஒரு மகள் இருந்தாள். அவளுக்கு ஆஸ்துமா. "தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா அப்பா?" என்று அவள் கேட்டாள். அப்பா தன் கம்பெனி ஆட்களிடம் சொன்னார். அடுத்த வருடமே, 1956-ல், அமுக்கினால் அளவாக மருந்து வரும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது.

சரி, இளைப்பாறியது போதும். இப்போது உங்களுக்கு ஒரு சோதனை. கீழே உள்ள கோடிட்ட நாலு இடங்களிலும் இந்தப் பக்கத்தில் படித்த ர, ற, ள, ழ நான்கும் ஆளுக்கு ஓர் இடத்தில் உட்கார வேண்டும். அப்பாவிடம் கொடுத்தும் நிரப்பச் சொல்லிப் பாருங்கள்; எத்தனை மதிப்பெண் வாங்குகிறார் என்று தெரிந்துவிடும்.

'தாத்தா கிணற்றில் பத்து வாளித் தண்ணீர் ____த்தார். அவருக்கு மூச்சு ____த்தது. திண்ணையில் உட்கார்ந்து ____ப்பாறினார். எதிரே தச்சர் கதவுக்குப் பலகை ____த்துக்கொண்டிருந்தார்.'

(விடை: இறை, இரை, இளை, இழை)